குடைக்குள் ஒற்றை ஓலை

...ஆக, இன்றைக்கு நான் வாயைத் திறக்கப் போவதில்லை, அது முடிந்துபோன முடிவு, பல் விளக்கும்போது ஒருமுறை முடிவெடுத்தேன், ஸ்வெட்டர் மாட்டும்போது இன்னொரு முறை, இப்போது ஷூ லேசைக் கட்டிக்கொண்டே மறுபடியும், ஒரே முடிவை இத்தனை தடவை எடுக்கவேண்டியிருந்தால் அது என்ன முடிவு என்று என் வீட்டுக்காரி புஷ்பம் கேட்பாள், நல்லவேளை, அவள் அடுப்படியில் இருக்கிறாள். பவனியில் நடப்பேன், நடக்கமாட்டேன் என்று யார் சொன்னது, குருத்து ஞாயிறன்று வீட்டில் உட்கார்ந்தால் புஷ்பம் என்னை உட்கார விடுவாளா, ஆனால் பவனிப் பாட்டின் முதல் ஓசன்னா மட்டும் இந்த வாயிலிருந்து வராது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற மஸ்டர் ஷெட்டிலிருந்து மேலே கோயில்வரைக்கும் சனம் ஓலையைப் பிடித்துக்கொண்டு நடக்கும், யேசு எருசலேமுக்குள் நுழைந்தபோது ஊரே ஓலை பிடித்து வரவேற்றதை நினைத்து நாங்களும் பிடிப்பது, அதற்குப் பாட்டு எடுத்துக் கொடுப்பது நான், பூசைப் பாட்டுக்குக் கிட்டார், கீபோர்டு எல்லாம் வந்துவிட்டது, அதைப்பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னேனா, ஆனால் பவனிப் பாட்டு என் தொண்டையிலிருந்து கிளம்பினால்தான் பவனி கிளம்பும், எஸ்டேட் அப்படிப் பழகிவிட்டது. இன்றைக்குக் கிளம்பட்டும் பார்ப்போம். ஜீவா ஃபாதருக்குத்தான் புதுசு புதுசாக யோசனை வருகிறதே, குரலும் வரும்.

பாட்டு மட்டுமா, ஓலையும் நான்தான். இந்தக் குளிரில் தென்னை எங்கே இருக்கிறது, வருஷாவருஷம் முதல்நாள் விடிகாலை பஸ் பிடித்து, பர்லியாறு வளைவுகளில் குடல் வாய்க்கு வந்து, மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, அங்கே ஒரு தோப்பில் சுடலைமணி, தோப்பைப் பார்த்துக்கொள்கிற திருநெல்வேலிக்காரர், எனக்காகக் குருத்து வெட்டிக் கட்டி வைத்திருப்பார். பஸ் கூரைமேல் கட்டுகளை ஏற்றி, மேலே வரும்வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டு, கண்டக்டர் திட்டி, எஸ்டேட் முக்கில் இறங்கினால் பிள்ளைகள் ஓடி வரும், 'ஓலை எட்மண்ட் வந்துட்டாரு'. அந்தப் பெயரை நான் கோபித்துக்கொள்கிற மாதிரி நடிப்பேன். இந்த வருஷம் போனேன், நேற்றுத்தான், தோப்புக்குள் நுழையும்போதே தெரிந்துவிட்டது, ஓலையெல்லாம் கரி பூசினதுபோல் கறுத்துக் கிடந்தது, வெள்ளை ஈ தாக்கிய நோய். சுடலைமணி என்னைக் கண்டதும் எழுந்து நின்றார், உட்காரச் சொல்லவில்லை, அவருக்கே உட்காரத் தோன்றவில்லை போல. "அண்ணாச்சி, இப்ப குருத்துல கத்திய வச்சா மரம் தேறாது, பாத்துக்கிடுங்க. உங்க சாமிகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க." நான் சாமியிடம் சொல்லவில்லை, ஃபாதரிடம்கூட ஃபோனில்தான் சொன்னேன். பக்கத்துத் தோப்புகளிலும் அதே கதை, வெயிலில் அலைந்ததுதான் மிச்சம். கிளம்பும்போது சுடலைமணி பின்னாலேயே ஓடிவந்து ஒரேயொரு ஓலையைக் கொடுத்தார், காற்றில் சாய்ந்த ஒரு கன்றிலிருந்து, கை நீளம்தான் இருக்கும், ஆனால் என்ன நிறம், வெண்ணெய் மாதிரி. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அது என்னவோ எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது.

அப்படி நான் அழுகிற மாதிரி மலையேறிக்கொண்டிருந்தபோது இங்கே கோயிலில் பங்குப் பேரவை கூடி, என் மகள் ஜெனிஸ் எழுந்து நின்று, ஓலைக்குப் பதிலாகத் தேயிலைக் கிளை பிடிக்கலாம் என்று சொல்லி, ஃபாதர் கை தட்டி, முடிந்துவிட்டது. என் மகள்தான். வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். ஏழாம் நம்பர் தேயிலைக் காடு எப்படியும் கவாத்துக்குப் போகிறது, கிளையெல்லாம் வெட்டித் தரையில்தான் கிடக்கப் போகிறது, மேனேஜரிடம் கேட்டுக்கொள்ளலாம், ஆளுக்கொரு கிளை ஒடித்துக்கொண்டு வாருங்கள், என்று அவளே முடிவு சொல்லி, அவளே மேனேஜரைக் கேட்டு, நான் வீட்டுக்கு வந்தபோது காபி போட்டுக் கொடுத்துக்கொண்டே சொல்கிறாள். தேயிலையா, யேசு என்ன டீ எஸ்டேட்டிலா கழுதை ஏறிப் போனார் என்றேன். "தென்னந்தோப்புலயும் போகலீங்கப்பா, அது பேரீச்ச ஓலை. நாமதான் தென்னைன்னு மாத்திக்கிட்டோம்." குன்னூரில் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர், பேச்சுக்குக் குறைச்சலா. அவள் செய்கிற வேலையெல்லாம் இப்படித்தான், போன வருஷம் மறைக்கல்வி வகுப்புச் சுவரில் யேசு படம் வரைகிறேன் என்று தூரிகையும் டப்பாவுமாகப் போனவள், தேயிலைச் செடிக்கு நடுவே பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிற யேசுவை வரைந்து, தலையில் மங்கி கேப்பை மாட்டிவிட்டாள், பழுப்பு நிறக் கம்பளிக் குல்லா, காதுவரைக்கும். குளிருதுல்லப்பா என்றாள். தெய்வக்குற்றம் என்று ஒரு வாரம் சாப்பாட்டு நேரத்திலெல்லாம் கத்தினேன், ஃபாதர் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம், சிரித்துவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றாராம். சொல்லப்போனால், இதை யாரிடமும் சொன்னதில்லை, பூசை முடிந்து நானும் அங்கே போய் நிற்கிறேன் இப்போதெல்லாம், பீடத்துக்கு மேலே இருக்கிறவரிடம் கேட்கக் கூச்சமான சின்னச் சின்ன விஷயங்களை, முட்டிவலி, புஷ்பத்தின் தம்பி, அதையெல்லாம் குல்லா போட்டவரிடம் கேட்பது சுலபமாக இருக்கிறது, பக்கத்து லயத்தில் குடியிருக்கிற ஆள் மாதிரி. அது வேறு. படம் வேறு, பவனி வேறு. பவனி என்னுடையது.

"ஏனுங்க, குடை எதுக்குங்க?" என்கிறாள் புஷ்பம் கதவைப் பூட்டிக்கொண்டே, வானம் கழுவித் துடைத்த மாதிரி கிடக்கிறது, மழை வந்தாலும் வரும் என்கிறேன், மார்ச் மாசத்திலா என்கிறாள், போன வாரம் வரவில்லையா என்கிறேன். குடை கொஞ்சம் புடைத்துக்கொண்டிருக்கிறது, ஓலை உள்ளே இருக்கிறது, மடித்துச் சுற்றி நாடாவால் கட்டியிருக்கிறேன், எல்லாரும் தேயிலைக் குச்சியைப் பிடித்துக்கொண்டு அசடு வழிய நிற்கும்போது நான் குடையைத் திறப்பேன், நிஜமான ஒரே ஓலை, வாய் திறக்காமல், ஒரு வார்த்தை பேசாமல் தூக்கிப் பிடிப்பேன், அவ்வளவுதான், அதற்குமேல் திட்டம் இல்லை, அதற்குமேல் எதற்கு. புஷ்பம் குடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முன்னால் நடந்தாள், அவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன், பீரோவுக்குப் பின்னால் ஓலையை ஒளித்து வைத்தேன், இந்த வீட்டில் பீரோவுக்குப் பின்னால் பெருக்குகிறவள் அவள். வளைவில் ஒரு காட்டெருமை செடிகளுக்கு நடுவே வயிறுவரைக்கும் மறைந்து நிற்கிறது, நாங்கள் போவதைப் பார்க்கிறது, நாங்களும் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டு பார்க்கிறோம், தினமும் பார்க்கிற முகம்தான். "பாருங்க, அதுகூட மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கல" என்கிறாள் புஷ்பம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன், இன்றைக்குச் சிரித்தால் எல்லாம் போச்சு. இருபக்கமும் செடி பச்சையாக மினுங்குகிறது, போன வாரம் பெய்த மழைக்குத் துளிர்விட்டிருக்கிறது, வெயில் சாய்வாக விழுந்து ஒவ்வொரு கொழுந்தும் தனித்தனியாகத் தெரிகிறது, இந்த மாதிரி காலையில் ஒரு மனுஷன் கோபமாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று யாருக்காவது தெரியுமா. ரிட்டயர் ஆனபிறகும் என் கண் கொழுந்தைத்தான் பார்க்கிறது, இன்னும் நாலுநாளில் எடுக்காவிட்டால் முற்றிவிடும், யார் இங்கே சூப்பர்வைசர் இப்போது, தூங்குகிறானா.

மஸ்டர் ஷெட் முன்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது, தெலுங்குச் சபைக்காரர்கள் இரண்டு குடும்பம், மேல் லயத்திலிருந்து சின்னம்மை, அவர் முருக பக்தை, சிலோனிலிருந்து வந்த நாள்முதல் குருத்து ஞாயிறுக்கு மட்டும் தவறாமல் எங்களோடு நடப்பவர், ஓலை வீட்டுக்கு நல்லது என்பார். ஃபாதர் சிவப்பு அங்கியில் நிற்கிறார், அதற்குள்ளே ஸ்வெட்டர் தெரிகிறது. ஜெனிஸ் அவர் பக்கத்தில் நிற்கிறாள், நான் போய் ஒரு ஓரமாக நின்று, அசட்டுத்தனமான கிளைகளைப் பார்த்து ரசிக்கத் தயாராகி, பார்க்கிறேன்... கிளையே இல்லை. யார் கையிலும் கிளை இல்லை. பெண்கள் எல்லாரும் முந்தானையை மடித்துப் பிடித்திருக்கிறார்கள், சிலர் பையில், சின்னம்மை முறத்தில், எட்டிப் பார்த்தால், கொழுந்து. இரண்டு இலை, ஒரு மொட்டு. இரண்டு இலை, ஒரு மொட்டு. குவியல் குவியலாக. கிளை ஒடித்துவரச் சொல்லி அனுப்பினால் நேற்றுச் சாயங்காலம் ஏழாம் நம்பர் காட்டுக்குள் போய் உட்கார்ந்து கொழுந்து பறித்துக்கொண்டு வந்திருக்கிறது மொத்த எஸ்டேட்டும். "செடிய எப்புடி சாமி ஒடிக்கிறது, கை வரல்லையே" என்கிறார் சின்னம்மை ஃபாதரிடம், ஏதோ நியாயம் கேட்கிற மாதிரி, "கத்தி புடிச்சி வெட்டுறது கவாத்துக்காரன் வேல. நாங்க செடியத் தொட்டா வெரலு கொழுந்துக்குத்தானே போவும்." ஃபாதர் ஒரு கொழுந்தை எடுத்துத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார், அவர் விரலுக்கு மேலே அரை விரல் நீட்டிக்கொண்டிருக்கிறது அது, இதைப் பிடித்துக்கொண்டு எப்படி பவனி போவது, பத்தடி தள்ளி நின்றால் கையில் மூக்குப்பொடி வைத்திருக்கிற மாதிரித்தான் தெரியும். எனக்கு உள்ளுக்குள் ஒரு குளுகுளுப்பு, ஆமாம், வந்தது, மறைப்பானேன், அப்புறம் ஜெனிஸ் முகத்தைப் பார்த்தேன். அவள் சிரிக்கத்தான் முயற்சி செய்துகொண்டிருந்தாள். சின்ன வயசில் அவள் வரைந்த படத்தை யாராவது தலைகீழாகப் பிடித்துப் பார்த்தால் இப்படித்தான் முகத்தை வைத்துக்கொள்வாள், திருத்தவும் மாட்டாள், பிடுங்கவும் மாட்டாள்.

போய் ஏதாவது சொல்லலாமா, என்ன சொல்வது, சொன்னேன் பார்த்தாயா என்பதைத் தவிர இப்போது நாக்கில் வேறு எதுவும் தயாராக இல்லை, அதைச் சொன்னால் புஷ்பம் மதியச் சோற்றில் கை வைக்கவிட மாட்டாள். அதனால் கொழுந்தைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன், முறம் பக்கத்திலேயே இருந்தது, குனிந்து ஒரு பிடி அள்ளினேன், ஐயோ, என்ன கொழுந்து. ஒரு காம்பு இல்லை, ஒரு முற்றல் இல்லை, சிவப்புத் தட்டவில்லை, இரவு முழுக்க ஈரச்சாக்கில் பரப்பி வைத்திருக்கிறார்கள், யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், யார், நான்தான், வேறு யார். முப்பது வருஷம் தராசுக்குப் பக்கத்தில் நின்று, காம்பைக் காட்டிக் காட்டிக் கத்தினவன் நான், மூட்டையில் அமுக்காதே, சூடேறும், கீழே சிந்தாதே, சிந்தினதை மிதிக்காதே, கொழுந்தை மிதிக்கிற காலை நான் பார்த்தால் அன்றைக்கு எடையே போடமாட்டேன், காலை எடு, காலை எடு என்று... "பாருங்க கங்காணியாரே, ஒரு காம்பு கெடைக்குமா" என்கிறார் சின்னம்மை, சவால் விடுகிற குரலில். நான் தேடினேன், நிஜமாகவே தேடினேன், கிடைக்கவில்லை. பரவாயில்லீங்க என்றேன். வேலையில் இருந்த காலத்தில் அதற்குமேல் யாரையும் நான் புகழ்ந்ததில்லை, அது அவருக்கும் தெரியும், முறத்தை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார்.

ஃபாதர் நற்செய்தி வாசிக்க ஆரம்பித்துவிட்டார், இருக்கிறதை வைத்து நடத்துவோம் என்று நினைத்தாரோ என்னவோ, இந்த வருஷம் மத்தேயு, எத்தனை தடவை கேட்டிருப்பேன், கழுதை, குட்டி, மேலாடைகளை வழியில் விரித்தார்கள், வேறு சிலர் மரங்களிலிருந்து கிளைகளை வெட்டி வழியில் பரப்பினார்கள், கேட்டுக்கொண்டே இருக்கும்போது எனக்கு ஒரு சந்தேகம், என்ன மரம்? மத்தேயு சொல்லவே இல்லையே. வழியோரத்தில் எது நின்றதோ அதுதானே, அவர் வருகிறார் என்று தெரிந்தபிறகு யார் போய் பஸ் பிடித்து... சரி, இது ஜெனிஸ் கட்சி யோசனை, நிறுத்து. ஆனாலும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன் இருந்திருப்பானே, இது முறையில்லை, போன தடவை வேறு மாதிரி செய்தோம் என்று சொல்லிக்கொண்டு, அவன் கையில் என்ன இருந்திருக்கும், குடையா. இப்போது ஃபாதர் தீர்த்தம் தெளிக்கிறார், முந்தானை முந்தானையாக, முறத்தில் இரண்டு தடவை, எனக்குப் பதறுகிறது, நனையுதே, நனைந்த கொழுந்து எடை கூடுமே, தண்ணிக்குக் கழிக்கணுமே, யாரிடம் கழிப்பது, கடவுளிடமா, என் மூளையை என்ன செய்வது, ஞாயிற்றுக்கிழமைகூட லீவு எடுக்க மாட்டேன் என்கிறது. ஒரு சொட்டு என் மூக்கின்மேல் விழுந்தது. அதையும் துடைக்காமல் வீம்பாக நின்றேன்.

பிறகு அந்த நேரம் வந்தது, வருஷாவருஷம் வருகிற நேரம்தான். ஃபாதர் புத்தகத்தை மூடினார். சிலுவை பிடித்த பையன் திரும்பி நின்றான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். யாரும் திட்டம் போட்டுப் பார்க்கவில்லை, கிணற்றடிக்குப் போனால் வாளியைப் பார்க்கிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாக, எட்மண்ட் இருக்கிறார், பாடுவார். நான் உதட்டை இறுக்கிக்கொண்டு ஃபேக்டரிக் கூரையைப் பார்த்தேன். கூரையில் ஒன்றும் இல்லை. புஷ்பம் இருமினாள், அது எனக்கான இருமல். ஜெனிஸ் மட்டும் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை, கேட்கக்கூடாது என்று பிடிவாதமாகக் கீழே பார்க்கிற அந்தத் தலை, அந்த வகிடு, அது என் அம்மாவின் பிடிவாதம், எனக்கு வந்து அவளுக்குப் போனது, ஏன்டா எட்மண்ட், உனக்கு என்னதான் வேண்டும், ஓலை வேண்டுமா, ஓலை கொண்டுவருகிற ஆள் என்கிற பேர் வேண்டுமா? கேள்வி நன்றாகத்தான் இருக்கிறது. பதில் சொல்லும் முன்னால் ஃபாதர், பாவம், தானே ஆரம்பித்துவிட்டார், சுருதி தெரியாமல் உச்சியில் பிடித்து, இரண்டாவது சொல்லில் குரல் உடைந்து, தானே சிரித்துவிட்டார். சனமும் சிரித்தது. சிரித்துக்கொண்டே எல்லாரும் பழக்கத்தில் கையைத் தூக்கினார்கள், ஓலையை ஆட்டுகிற மாதிரி, சின்னம்மையும் தூக்கினார், விரலிடுக்கில் கொழுந்து, கை மேலே போனது, மேலே போன கை அங்கே நிற்கவில்லை, தோளுக்குப் பின்னால் போய், முதுகில் இல்லாத கூடைக்குள் கொழுந்தைப் போட்டுவிட்டது. பின்னால் நின்ற என் நெஞ்சில் பட்டுக் கீழே விழுந்தது. ஒரு விநாடி அவருக்கே புரியவில்லை. வெறுங்கையைப் பார்த்தார். "பாத்தீங்களா, அம்பது வருசத்துப் பழக்கம்" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தவர், சிரிப்புக்கு நடுவிலே பக்கத்தில் இன்னொரு கையும் அதேமாதிரி தோளைத் தாண்டிப் போவதைப் பார்த்து, முறத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி, எனக்கு நினைவு தெரிந்து அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

குடையைத் திறக்க வேண்டும், இப்போதுதான், இந்தக் கலாட்டாவில், நான் நாடாவை அவிழ்த்தேன், ஓலையை உருவினேன், தலைக்கு மேலே தூக்கினேன், மஞ்சளாக, நிமிர்ந்து, ஒற்றை ஓலை, யாருமே பார்க்கவில்லை. ஒரு கண்கூட என் பக்கம் இல்லை. எல்லாரும் சின்னம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர் சிரிப்பை நிறுத்தி, ஏதோ யோசித்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய், முறத்திலிருந்து இரண்டு கையாலும் அள்ளி, சிலுவைக்கு முன்னால் தார் ரோட்டில் விசிறினார். நெல் விதைக்கிற மாதிரி நிதானமாக. "அந்தக் காலத்துல கீழதானே போட்டாங்க, சாமி இப்ப வாசிச்சீங்களே" என்றார் ஃபாதரிடம். ஃபாதர் வாய் திறந்தபடி தலையாட்டினார். அப்புறம் முந்தானைகள் அவிழ்ந்தன, பைகள் கவிழ்ந்தன, ஜெனிஸ் ஓடிப்போய் ஒரு பிடி வாங்கி வீசினாள், அவளுக்கு விசிறக்கூடத் தெரியவில்லை, கட்டியாக விழுந்தது, அவள் முகத்தில் அந்த உயிர் திரும்பி வந்ததே, அதைப் பார்த்தேன், அது போதும் என்று இருந்தது. ரோடு பச்சையாகிவிட்டது. வளைவுவரைக்கும். அது அவள் யோசனை இல்லை, ஃபாதர் யோசனையும் இல்லை, என் யோசனை நிச்சயமாக இல்லை, கைக்குத் தெரிந்தது அது, கை முந்திக்கொண்டது, பரிசுத்த ஆவியானவர் எப்படி வருவார் என்று ஜீவா ஃபாதர் மறையுரையில் சொல்லும்போதெல்லாம் நான் காற்று, நெருப்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்படியும் வருவாரா, தோளுக்குப் பின்னாலே?

சிலுவைக்கு அடுத்து முதல் காலடி என்னுடையது, அதுவும் பழக்கம்தான், வந்து நின்றுவிட்டேன், காலைத் தூக்கினேன், வைக்க முடியவில்லை. இரண்டு இலை, ஒரு மொட்டு, ஒரு காம்பு இல்லாத கொழுந்து, என் காலுக்குக் கீழே, அதன்மேல் ஷூவா, முட்டி வலிக்க ஒற்றைக்காலில் நிற்கிறேன், பின்னால் பவனி நிற்கிறது. "என்ன கங்காணியாரே, மிதிங்க" என்றார் சின்னம்மை, அந்தக் குரலில் இருந்த குறும்பு இருக்கிறதே, எத்தனை வருஷத்துக் கணக்கு அது, "இன்னைக்கி எட போட மாட்டாங்க." சனம் சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன், போச்சு, எல்லாம் போச்சு, காலையிலிருந்து கட்டிக்காத்த முகம். அப்படியே ரோட்டில் உட்கார்ந்து லேசை அவிழ்த்தேன், காலையில் எவ்வளவு கவனமாகக் கட்டினேன் இதை, ஷூவைக் கழற்றி, சாக்ஸைக் கழற்றி உள்ளே திணித்து, வெறுங்காலை எடுத்து வைத்தேன். அப்பா, என்ன சில்லிப்பு. தீர்த்தமும் பனியும் கொழுந்துமாக உள்ளங்காலில் ஏறி, முட்டி வழியாக, வயிறு வழியாக, தொண்டைக்கு வந்து, ஓசன்னா என்று வெளியே போய்விட்டது. நான் பாடவில்லை, குளிர் பாடியது, சரியான சுருதியில். பின்னால் மொத்தமும் எடுத்துக்கொண்டது, கிட்டார்க்காரப் பிள்ளைகள், தெலுங்குக்காரர்கள், சின்னம்மையும், அவருக்கு வரி தெரியாது, ஓசன்னா வருகிற இடத்தில் மட்டும் மிகச் சத்தமாகப் பாடுவார்.

நசுங்கின கொழுந்தின் வாசனை மேலே எழுந்தது, ஃபேக்டரிக்குள் வருகிற வாசனை இல்லை இது, அதற்கு முந்தின வாசனை, பச்சையாக, கொஞ்சம் துவர்ப்பாக, இத்தனை வருஷம் யாரையும் மிதிக்க விடாததால் எனக்கே தெரியாமல் போன வாசனை. பவனி ஓலையை எரித்த சாம்பலைத்தான் அடுத்த வருஷம் சாம்பல் புதனன்று நெற்றியில் பூசுவது, இந்த வருஷம் எரிக்க ஓலை இல்லை, இதைக் கூட்டி அள்ளிக் காயவைத்து எரித்தால் சாம்பல் நெற்றியில் நிற்குமா, எண்ணெய் கலக்க வேண்டியிருக்குமோ, நான் ஏன் இப்போதே அதை யோசிக்கிறேன், யோசிக்கிறவன் நான்தானா, பாட்டின் இரண்டாம் சரணம் தன்பாட்டுக்கு வாயில் போய்க்கொண்டிருக்கிறது. வளைவில் காட்டெருமை இன்னும் அங்கேயே நின்றது, நாங்கள் பாடிக்கொண்டே ஒதுங்க, அதுவும் ஒரு எட்டு பின்னால் வைத்தது. ஜெனிஸ் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டாள், அவளும் செருப்பைக் கையில் வைத்திருந்தாள், விரல் நுனியெல்லாம் பச்சை. சுடலைமணிக்கு ஃபோன் போட வேண்டும், மத்தியானம் போடலாம், ஓலைக்காக இல்லை, மரம் எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான், நேற்று அதைக் கேட்காமலே வந்துவிட்டேனே, மரத்துக்கு என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே நான்...

"ஏம்ப்பா," என்றாள் ஜெனிஸ், பாட்டுக்கு நடுவே, காதோரமாக, "குடைக்குள்ள கொண்டுவந்தீங்களே, அந்த ஓலை எங்கீங்கப்பா?"

அம்மா சொல்லியிருப்பாள். நான் கையைப் பார்த்தேன். ஒரு கையில் ஷூ, இன்னொன்றில் குடை. திரும்பிப் பார்த்தால் ரோடு நெடுக சனம், கால்கள், கொழுந்து, எங்கே அது, உட்கார்ந்த இடத்தில் விட்டேனா, நழுவியதா, இல்லை... முதல் காலடி வைப்பதற்கு முன்னால் நானே குனிந்து வைத்தேனா, குனிந்த ஞாபகம் இருக்கிறது, எதற்குக் குனிந்தேன் என்பதுதான் ஞாபகம் இல்லை. "தெரியலம்மா" என்றேன், நிஜமாகவே தெரியவில்லை, தொலைந்த பொருளை நினைத்து இவ்வளவு சந்தோஷமாக இருக்கலாமா என்பதும் தெரியவில்லை, அதற்குள் அடுத்த ஓசன்னா வந்துவிட்டது.